புகை வட்டையிலிருந்தா, வீதியிலிருந்தா? அளந்துவிட்டுப் பேசுவோம்

மட்டக்களப்பு நகரக் காற்றில் கலக்கும் கரியில் பெற்றோல், டீசலிலிருந்து வருவது எவ்வளவு, வைக்கோல், விறகு, சருகிலிருந்து வருவது எவ்வளவு என்பதைக் காபன்-14 கொண்டு அளக்க வேண்டும். அந்த அளவு கைக்கு வரும்வரை, புகைக்கான பழியை ஒரு தரப்பின் தலையில் மட்டும் கட்டும் எந்த விதியையும் நாம் ஆதரிக்கமாட்டோம். இதுவே எமது அமைப்பின் நிலைப்பாடு.

வாவிக்கு இரண்டு கரை. அறுவடை முடிந்து படுவான்கரை வட்டைகளில் வைக்கோல் எரிந்தால் எழுவான்கரையில் நிற்பவருக்கும் தெரியும். கல்லடிப் பாலத்தில் ஊரும் பஸ்ஸும் லொறியும் ஆட்டோவும் விடும் புகை அப்படி எழுந்து நிற்பதில்லை. கண்ணில் படுவதுதான் முதலில் பழி சுமக்கிறது. வயற்காரருக்கு இது புதிதல்ல.

இந்த வழக்கில் சாட்சி சொல்லக்கூடியது காபனின் ஒரு சமதானி. அண்டக்கதிர்கள் நைதரசனைத் தாக்கும்போது உருவாகும் காபன்-14, காபனீரொட்சைட்டாக நெல்லுக்குள்ளும் தென்னைக்குள்ளும் போய்ச் சேருகிறது. அதன் அரைவாழ்வுக்காலம் சுமார் 5,730 ஆண்டுகள். பெற்றோலியம் மண்ணுக்கடியில் கிடந்ததோ கோடிக்கணக்கான ஆண்டுகள். அதில் காபன்-14 மிஞ்சவில்லை. ஆகவே வடிதாளில் படிந்த கரியில் காபன்-14 உள்ள பங்கு அண்மையில் உயிரோடிருந்த செடியினுடையது, இல்லாத பங்கு எண்ணெயினுடையது. மலிவான வழியென்று காபன்-13 அளவீட்டை முன்வைப்பவர்களும் உண்டு. சோளம், கரும்பு எரியும் ஊரில் அது உதவும். இங்கு எரிவது நெல் வைக்கோல். நெல்லிலும் டீசலிலும் காபன்-13 விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் இரண்டையும் அது பிரித்துக் காட்டாது.

தென்னாசியா இந்தச் சோதனையை ஏற்கெனவே கண்டிருக்கிறது. பழுப்பு மேகம் எனப்படும் குளிர்கால மூட்டத்துக்கு வாகனமும் தொழிற்சாலையும் காரணமா, அடுப்பும் வயலும் காரணமா என்று ஆய்வாளர்கள் நெடுநாள் முரண்பட்டார்கள். சுவீடனின் ஓர்யன் குஸ்தாவ்சனும் சகாக்களும் மாலைதீவின் ஹனிமாதூவிலும் மேற்கு இந்தியாவின் சிங்ககட்டிலும் காற்றை வடித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள்: அளந்த முறையைப் பொறுத்து, கரியில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை தாவரங்களை எரித்ததால் வந்தது. பின்னர் டெல்லியில் 2019இல் வெளியான ஆய்வில் அந்தப் பங்கு பருவத்துக்குப் பருவம் மாறியது. மழைக்காலத்தில் எண்ணெயும் நிலக்கரியும் மேலோங்க, அறுவடைக்குப் பிந்திய மாதங்களிலும் குளிர்காலத்திலும் தாவரப் புகை கூடியது. ஒரே நகரத்திலேயே விடை மாதத்துக்கு மாதம் மாறும்போது, வேறோர் ஊரின் எண்ணை இங்கு ஒட்டுவதில் பொருளில்லை.

எனவே வாடை வீசும் மார்கழி, தையிலும் கச்சான் வீசும் ஆனி, ஆடியிலும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும். 2022 டிசம்பரில் காற்று மாசும் சீரற்ற காலநிலையும் சேர்ந்து நாடு முழுவதும் பாடசாலைகளை ஒரு நாள் மூடவைத்தன. அந்தப் புகையில் பெரும்பங்கு இந்தியப் பக்கமிருந்து வந்ததென்றே அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. காபன்-14 எது எரிந்தது என்று சொல்லும். எங்கே எரிந்தது என்று சொல்லாது. காற்றுத் திசைப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் படிக்காவிட்டால் வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்த வைக்கோல் புகையும் படுவான்கரையின் கணக்கில் ஏறும்.

இன்னொரு பொறியும் உண்டு. பிளாஸ்டிக்கும் பெற்றோலியத்தில் பிறந்ததே. வளவுக்குள் எரிக்கும் சொப்பிங் பையின் கரி, இந்தச் சோதனையில் பஸ்ஸின் கரி போலவே தெரியும். அதே வடிதாளில் பிளாஸ்டிக்கையும் விறகையும் தனித்துக் காட்டும் வேதிப்பொருட்களையும் தேடவேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான். பிளாஸ்டிக் எரிப்பதை நிறுத்த எந்த ஆய்வும் தேவையில்லை. அதை மாநகர சபை நாளைக்கே செய்யலாம்.

கரிக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டை அளக்கலாமே என்ற யோசனையும் வந்தது. உயிர்ச்சுவட்டு எரிபொருளிலிருந்து பத்து இலட்சத்தில் ஒரு பங்கு கூடினால் காபன்-14 விகிதம் ஆயிரத்தில் இரண்டரை அளவே குறையும். நல்ல கருவியின் பிழை எல்லையும் ஏறத்தாழ அவ்வளவுதான். பெருநகரில் இது கைகொடுக்கும். கடற்காற்று அலசிப்போகும் எமது சிறு பட்டணத்தில் விடை இழுபறியாகவே முடியும். முதற்பணம் கரிக்கே போகட்டும்.

மாதிரி எடுப்பதை வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம் ஏற்கலாம். ஒரு மில்லிகிராம் காபன் போதும் என்பதால், டெல்லியிலுள்ள ஆர்முடுக்கி ஆய்வுகூடத்துக்கு வடிதாளை உறையில் அனுப்பலாம். செலவை மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் மாநகர சபையும் பகிரவேண்டும். எண்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒளிவின்றி வெளியிட வேண்டும்.

விடை வைக்கோல் பக்கம் சாய்ந்தால் நாம் மறுக்கப்போவதில்லை. எமது உறுப்பினர்களில் வயற்காரரும் உண்டு. தீ வைக்க வேண்டாமென்று முதலில் அவர்களிடமே போவோம். அப்போது தண்டச் சீட்டுக்கு முன்னால் வைக்கோல் கட்டும் இயந்திரம் வட்டைக்கு வந்திருக்க வேண்டும். அதை அதிகாரிகளிடம் இப்போதே கேட்டு வைக்கிறோம்.