முன்பாரமா, பின்பாரமா?

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு ஒன்று இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை. பின்கதவைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரமும். ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மண்சாலை, ஆற்றுப் படுகை, கரடுமுரடான பாதை எதிலும் காரின் பின்னாலேயே வரும். ஆஃப்ரோடு கேம்பிங் டிரெய்லர் என்பது அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதைக் கடையில் வாங்காமல் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்கிறவர்கள் நிறைய. அவர்களில் நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களும் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போய்வந்த நண்பர்கள் சிலர் இதைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசுகிறார்கள். யூடியூபிலும் செய்முறை வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அறுபது வயதுக்கு மேல் கையில் சுத்தியலும் மனதில் ஒரு பயணமும் இருந்தால் உடம்புக்கு நல்லது. ஆனால் அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மனக்குறை வருகிறது. இழுப்பறைக்கு அரை மணி நேரம், விளக்குக்குக் கால் மணி நேரம், வார்னிஷுக்குப் பத்து நிமிடம் காட்டுகிறார்கள். அச்சு, அடிச்சட்டம், கொக்கி மூன்றும் சேர்ந்து இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுகின்றன. இந்தக் கணக்கு தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பெட்டி ஒழுகினால் நாம் நனைவோம், அவ்வளவுதான். அடிச்சட்டமோ பாரமோ தவறினால், எதிரே பைக்கில் வருகிற குடும்பம் போய்விடும்.

பாரம் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். கூண்டு வண்டியில் ஏறியவுடன் வண்டிக்காரர், “பின்பாரமா இருக்கு, கொஞ்சம் முன்னால நகர்ந்து உட்காருங்க” என்பார். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் நுகம் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். இரண்டுக்கும் நடுவே, நுகம் மாட்டின் கழுத்தில் லேசாக உட்கார்ந்திருக்கிற மாதிரி பாரம் ஏற்றுவதுதான் வண்டிக்காரரின் திறமை.

கேம்பிங் டிரெய்லரின் முதல் பாடமும் இதுவேதான். மாட்டுக்குப் பதில் கார், நுகத்துக்குப் பதில் கொக்கி. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 700 கிலோ டிரெய்லர் என்றால் 70 கிலோ. இந்த எடையைக் காரும் கொக்கியும் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பாரம் மிஞ்சினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் லேசாகும், முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கும்.

பின்பாரம் இதைவிட மோசம். கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். சின்ன ஆட்டம் பெரிய ஆட்டமாகி, கடைசியில் வால் நாயை இழுத்துக்கொண்டு போகிற கதை ஆகிவிடும். அந்த நேரத்தில் பதறி ஸ்டியரிங்கைத் திருப்பினால் இன்னும் ஆடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்வதுதான் வழி. ஆட்டம் வராமல் பாரத்தை ஏற்றுவது அதைவிட நல்ல வழி.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, கொக்கி காரில் மாட்டும் உயரத்துக்கு ஒரு கட்டையை வைத்து, கட்டைக்கு அடியில் வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷினை வைத்தால் போதும். சாமான் ஏற்றி ஒரு முறை, தண்ணீர்த் தொட்டி நிறைந்து ஒரு முறை, காலியாக ஒரு முறை என்று மூன்று தடவை பாருங்கள். தொட்டி முன்கோடியில் இருந்தால், ஊர் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் தீர்ந்து முன்பாரம் பின்பாரமாக மாறியிருக்கும். அதனால்தான் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னால் வைக்கச் சொல்கிறார்கள். பின்கதவுச் சமையலறை பார்க்க அழகுதான். அத்தனையும் பின்பாரம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதற்கேற்ப அச்சையே கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்தது மொத்த எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி 100 கிலோ. எட்டுக்கு நாலு அளவில் 12 மி.மீ. ப்ளைவுட் ஒரு ஷீட் ஏறக்குறைய 20 கிலோ. ஆறு ஷீட் போட்டால் 120. அடிச்சட்டத்துக்கு 50-க்கு 50 சதுரக் குழாய், 3 மி.மீ. கனம், மீட்டருக்கு நாலரை கிலோ அளவில் வரும். 25 மீட்டர் வைத்துக்கொண்டால் 110 கிலோ. பழைய வகை 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று 30 கிலோ. கூட்டிப் பாருங்கள், 360 ஆகிவிட்டது. அச்சு, சக்கரம், மெத்தை, அடுப்பு, குளிர்பெட்டி, துணிமணி எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் பாரத்தோடு சேர்த்து 750 கிலோவுக்குள் இருக்கும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. அதைத் தாண்டினால் பிரேக் வேண்டும். பிரிட்டனிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை, அதுவும் காரின் எடையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சட்டத்தில் இடம் இருந்தாலும், மலைச்சாலையில் இறங்குகிற எண்ணம் இருந்தால் பிரேக் வைத்துவிடுங்கள் என்பேன். பின்னால் இருந்து 700 கிலோ தள்ளிக்கொண்டு வரும்போது விதிப்புத்தகம் கைகொடுக்காது.

மண்சாலை என்று வந்துவிட்டால் பள்ளத்தைவிடப் பெரிய எதிரி வேறு ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் கிப் ரிவர் ரோடு என்று சுமார் 660 கிலோமீட்டர் நீளப் பாதை இருக்கிறது. அதன் சரளைப் பகுதியில் தகரக் கூரை மாதிரி குறுக்கே வரிவரியாக அலை எழுந்திருக்கும். மணிக்கணக்கில் வண்டி கடகடவென்று நடுங்கிக்கொண்டே போகும். பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இரும்பை ஓங்கி அடிக்கிற ஒரு அடியைவிட, விடாமல் நடுக்குகிற நடுக்கம்தான் அதிகமாக உடைக்கும். போல்ட் கழலும். ஸ்பிரிங் பட்டை விரியும். இழுவைச் சட்டம் அடிச்சட்டத்தோடு சேர்கிற இடத்தில் வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் விழும். அது பெயிண்டுக்குள் ஒளிந்துகொண்டு வளரும்.

அதனால் இழுவைச் சட்டத்தை முன்சட்டத்தோடு முட்டவைத்து ஒட்டிவிட்டு நிறுத்தக் கூடாது. சட்டத்துக்கு அடியில் ஓடி, அச்சுப் பக்கம் வரை போய்ச் சேர வேண்டும். சாதாரண உருண்டைக் கொக்கிக்குப் பதில், மூன்று பக்கமும் திரும்பிக் கொடுக்கிற கொக்கி வேண்டும். சங்கிலியும் போட வேண்டும். சக்கரம் காரின் சக்கரமாகவே இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். ஓடிச் சூடான சக்கரத்தோடு ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் பேரிங்குக்குள் தண்ணீர் புகும். ஊர் திரும்பியதும் கிரீஸ் மாற்றியே ஆக வேண்டும்.

பழைய ஆட்கள் இந்த விஷயத்தில் புத்திசாலிகள். அமெரிக்காவில் 1930-களிலேயே கண்ணீர்த்துளி வடிவில் இப்படிப்பட்ட டிரெய்லர்களை வீட்டில் செய்யத் தொடங்கினார்கள். ராணுவம் கழித்துவிட்ட ஜீப் டிரெய்லரை வாங்கி அதன் மேல் பெட்டி கட்டுவதும் பிறகு வழக்கமானது. எம்416 என்கிற கால் டன் ராணுவ டிரெய்லரைத் தேடிப் பிடித்து அதில் கட்டுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அடிபட்டுத் தேறிய சட்டத்தை முதலில் சம்பாதித்துவிட்டு, அப்புறம்தான் மெத்தைக்குப் போகிறார்கள்.

“இவ்வளவு ஆபத்து என்றால் வீட்டில் செய்வதையே தடுத்துவிடலாமே” என்று ஒருவர் கேட்கலாம். நான் அந்தப் பக்கம் இல்லை. ஆஸ்திரேலியாவில் தன் கையால் செய்த டிரெய்லரை விதிக்கு உட்பட்டுப் பதிவு செய்து ஓட்ட வழி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரும் அடக்கம். ஆகவே பதிவில்லாமல் கட்டி இழுத்துக்கொண்டு போக முடியாது. இங்கே யாராவது செய்ய நினைத்தால், இரும்பு வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். இரவில் பின்விளக்கு இல்லாமல் போகிற டிராக்டர் டிரெய்லர்களை நாம் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. அந்த வரிசையில் இன்னொன்று வேண்டாம்.

முடிவாக என் யோசனை ஒன்றுதான். அடிச்சட்டம், அச்சு, கொக்கி, விளக்கு இவற்றை முடித்ததும் வேலையை நிறுத்துங்கள். ப்ளைவுட்டைத் தொட வேண்டாம். பதிவு வேலை முடிந்ததும், பெட்டி எவ்வளவு எடை வருமோ அவ்வளவுக்கு மணல் மூட்டையை அந்தந்த இடத்தில் ஏற்றி, மோசமான சாலையாகப் பார்த்து இருநூறு கிலோமீட்டர் இழுத்துப் போய்வாருங்கள். வந்ததும் ஒரு நல்ல வெல்டரைக் கூப்பிட்டு ஒவ்வொரு ஒட்டையும் காட்டுங்கள். அவர் தலையாட்டிய பிறகு பெட்டி கட்டலாம். இழுப்பறைக்கு என்ன மரம், திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று வீட்டம்மாவோடு உட்கார்ந்து பேச அதற்கப்புறம் வேண்டிய நேரம் இருக்கிறது.