கதவு கட்டினால் போதுமா?

வானகரம் பக்கம் ஓடும் கூவம் ஆறு கோடையில் சாக்கடையாகக் கிடக்கும். மழை கொட்டினால் அதன் போக்கே வேறு; 2015 டிசம்பரை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளம் நகருக்குள் போய், பக்கிங்ஹாம் கால்வாயைக் குறுக்கே கடந்து கடலில் விழுகிறது.

1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1877-78 பஞ்சத்தில் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். ஆந்திரத்திலிருந்து விறகும் உப்பும் படகில் வந்தன. ஆறு குறுக்கிடும் இடங்களில் 'லாக்கு' இருந்தது. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீர்மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ அப்பால் விடுவதே லாக்கின் வேலை.

உள்ளே வந்துவிட்ட படகுக்குப் பயமில்லை. வாயிலை நெருங்கும் படகுக்குத்தான் கண்டம்! நுழைவதற்காக வேகத்தைக் குறைத்ததும் சுக்கான் சொன்னபடி கேட்காது. அந்த நேரம் பார்த்து ஆற்று நீர் பக்கவாட்டில் தள்ளினால், முனை திரும்பிச் சுவரில் மோதும். சிறு படகைக் கழி ஊன்றிச் சமாளிக்கலாம். ஆயிரம் டன் கப்பலைத் தடுக்க எந்தப் பயில்வானாலும் ஆகாது.

அமெரிக்காவில் ஒஹாயோ போன்ற ஆறுகளில், லாக்கின் வாயிலிலிருந்து நீண்ட சுவர் எழுப்பி அடியில் திறப்பு விடுகிறார்கள். குறுக்கே பாயும் நீர் சுவருக்கு அடியில் போய்விடுகிறது. கப்பல் நேராக வருகிறது. திறப்பு மிஞ்சினால் கப்பல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் பயனில்லை. இந்த அளவு காகிதக் கணக்கில் மட்டும் பிடிபடாது. மாதிரி ஆறு அமைத்து, மாதிரிக் கப்பல் விட்டுப் பார்க்க வேண்டும்.

2008-ல் இக்கால்வாய் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்ந்தது. நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயிலேயே நிற்கின்றன. அங்கே கப்பல் பேச்சு எடுபடாது. நகருக்கு வெளியே லாக்கு கட்ட முனைந்தால், ஆழம் எவ்வளவு, கதவு எத்தனை என்று கேட்பதோடு அதிகாரிகள் நின்றுவிடக் கூடாது. வெள்ளக் காலத்தில் வாயிலில் நீர் எப்படித் திரும்புகிறது என்பதை டெண்டருக்கு முன்பே சோதிக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு சுவரை நீட்டுவது இரட்டைச் செலவு. சுவரோரம் நீர் அசையாமல் நின்றால் வண்டல் படியும். தூர் வாரும் செலவையும் அப்போதே கணக்கிட வேண்டும்.

சோதனைக்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. பூண்டியில் அரசின் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. பூண்டி ஏரியிலிருந்து திறந்துவிடும் வெள்ளம் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூரில் இதே கால்வாயைத்தான் சந்திக்கிறது. அந்த இடத்தின் மாதிரியை முதலில் கட்டிப் பார்க்கலாமே!