முதல் அரை மாரத்தான் ஓடப் போறீங்களா? மூச்சு ரெடி... எலும்பு ரெடியா?

ஜனவரி வந்தால் சென்னையில் மாரத்தான் சீசன். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் லிங்க் போடுவார். "நாமளும் 21 கி.மீ. ஓடிடலாம்"னு நாலு பேர் கை தூக்குவார்கள். பணம் கட்டியாச்சு, டி-ஷர்ட் சைஸும் சொல்லியாச்சு. போட்டிக்கு இன்னும் ஆறே வாரம்.

முதல் இரண்டு வாரம் ஜோராகப் போகும். மூன்றாவது வாரம் முழங்காலில் வலி, கணுக்காலுக்கு மேலே குத்தல். நாலாவது வாரம் எலும்பு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட்.

ஏன் இப்படி ஆகுது? தப்பு காலில் இல்லை, காலண்டரில் இருக்கிறது.

அரை மாரத்தான்னா எவ்வளவு தூரம்?

துல்லியமாகச் சொன்னால் 21.0975 கி.மீ. முழு மாரத்தான் தூரமான 42.195 கி.மீ.யில் சரிபாதி. 400 மீட்டர் டிராக்கில் ஓடினால் கிட்டத்தட்ட 53 சுற்று.

ஒவ்வொரு முறை பாதம் தரையைத் தொடும்போதும், உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்கும். இதைப் பல ஆயிரம் முறை கால் தாங்க வேண்டும்.

மூச்சு முந்திக்கும், எலும்பு பிந்திக்கும்

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் பழகிவிடும். முன்பு ஒரு கி.மீ.யில் மூச்சு வாங்கியவர், இப்போது ஐந்து கி.மீ. சாதாரணமாக ஓடுவார். "நமக்கு ஃபிட்னஸ் வந்துடுச்சு"ன்னு நம்பிக்கை வரும்.

ஆனால், எலும்பும் தசைநாரும் அந்த வேகத்தில் மாறாது. தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். மூச்சு 'போ'ன்னு சொல்லும்போது, எலும்பு 'இரு'ன்னு சொல்லும். புதியவர்களுக்கு வரும் குதிகால் வலி, முன்னங்கால் வலி, எலும்பில் மெல்லிய விரிசல் எல்லாவற்றுக்கும் இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

எவ்வளவு கூட்டினால் பாதுகாப்பு?

5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைக் கண்காணித்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளியானது. கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் கூட்டி ஓடியவர்களுக்குக் காயம் அதிகமாக இருந்தது. அந்தத் தூரத்தை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியவர்களுக்கு, காயம் ஏற்படும் வாய்ப்பும் இரண்டு மடங்குக்கு மேல்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. 5 கி.மீ.யில் தொடங்கி, ஞாயிறுதோறும் 10 சதவீதம் கூட்டினால், 16 கி.மீ.யைத் தொட 12, 13 வாரம் ஆகும். நடுவில் ஓய்வு வாரங்கள், போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் தூரத்தைக் குறைப்பது, இதையெல்லாம் சேர்த்தால் நாலு மாசம். 5 கி.மீ.யே ஓட முடியாதவர் என்றால் இன்னும் இரண்டு மாசம்.

அதாவது, ஜனவரி போட்டிக்கு ஷூ கட்ட வேண்டிய மாதம் ஆகஸ்ட். டிசம்பர் இல்லை.

வாரத்துக்கு எத்தனை நாள்?

மூன்று நாள் ஓட்டம் போதும். இரண்டு நாள் மெதுவாக, குறைந்த தூரம். ஞாயிறு ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். மற்ற நாளில் ஸ்குவாட், குதிகால் உயர்த்துதல் மாதிரி காலுக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு முறை. பயிற்சியிலேயே 21 கி.மீ. ஓடிப் பார்க்கணும்னு அவசியம் இல்லை. 16 முதல் 18 கி.மீ. வரை வந்தாலே முதல் போட்டிக்குப் போதுமானது.

வேகம்? பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகம் அதிகம்.

நடுவில் நடந்தா அசிங்கமா?

இல்லவே இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, 1970-களிலிருந்தே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 'ஓடு-நட' முறைதான். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதலிலிருந்தே பிரித்துக்கொள்வது. களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமல் இருக்க நடப்பது வேறு.

மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் விறுவிறுவென நடந்தாலே சுமார் மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பல போட்டிகளில் கட்-ஆஃப் மூன்று முதல் மூன்றரை மணி நேரம். பதிவு செய்யும் முன் அந்தப் போட்டியின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதயத்துக்கு ஆபத்தா?

ஓட்டத்தில் ஒருவர் சரிந்து விழுந்த செய்தி வந்தாலே வீட்டில் பயம் வந்துவிடும். அமெரிக்காவில் 2010 முதல் 2023 வரை மாரத்தான், அரை மாரத்தான்களை முடித்த சுமார் 2.93 கோடி பேரின் தரவுகளை ஆராய்ந்ததில், 176 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது தெரியவந்தது. அதாவது சுமார் 1.66 லட்சம் பேரில் ஒருவர். முழு மாரத்தானோடு ஒப்பிட்டால் அரை மாரத்தானில் இது பாதிக்கும் குறைவு.

முக்கியமானது அடுத்த தகவல். 2000-2010 காலத்தில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் 71 சதவீதம் பேர் இறந்தார்கள். பிந்தைய காலத்தில் அது 34 சதவீதமாகக் குறைந்தது. உடனடி சி.பி.ஆர்., அருகிலேயே மின் அதிர்ச்சிக் கருவி ஆகியவைதான் உயிர்களைக் காப்பாற்றின. போட்டியைத் தேர்வு செய்யும்போது மெடல் டிசைனைப் பார்ப்பதற்கு முன், மருத்துவ ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் பயிற்சிக்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால் உடனே நின்று உதவி கேட்க வேண்டும்.

தண்ணி நிறைய குடிக்கணுமா?

சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம். வியர்வை கொட்டும், ஆனால் காயாது. காயாவிட்டால் உடல் குளிராது. அதனால்தான் போட்டிகள் விடியும் முன்பே தொடங்குகின்றன.

ஆனால், பயந்துபோய் ஒவ்வொரு ஸ்டாலிலும் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில், 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. அளவுக்கு மீறி நீர் குடித்ததுதான் முக்கியக் காரணம். தாகத்துக்கு ஏற்பக் குடிக்கலாம், நீண்ட ஓட்டத்தில் ஓ.ஆர்.எஸ். சேர்க்கலாம்.

போட்டி நாளில் மறக்கக்கூடாதவை

• புது ஷூ, புது சாக்ஸ், புது சாப்பாடு வேண்டாம். பயிற்சியில் ஒத்துக்கொண்ட இட்லியோ வாழைப்பழமோ போதும்.

• உரசும் இடங்களில் வாஸ்லைன் தடவிக்கொள்ளுங்கள்.

• வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். உடலில் நீர் குறையும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

• முதல் 5 கி.மீ. கூட்டத்தோடு பறக்காதீர்கள். கடைசி 5 கி.மீ.தான் உண்மையான போட்டி.

ஏற்கெனவே பணம் கட்டியாச்சு, பயிற்சி இல்லையே?

பல போட்டிகளில் 10 கி.மீ. பிரிவும் உண்டு. மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் கட்டணம் போகட்டும். எலும்பில் விரிசல் விழுந்தால் வாரக்கணக்கில் ஓட்டமே கிடையாது. அதோடு ஒப்பிட்டால் அந்தப் பணம் சின்ன நஷ்டம்தான்.

அடுத்த ஜனவரியிலும் மாரத்தான் வரும். ஆகஸ்டில் தொடங்கினால், அதற்குள் எலும்பும் ரெடியாகிவிடும்.