பத்து நிமிஷத் தீர்ப்பு

மேசைக் கணினிக்கான நீர்க்குளிர்விப்புச் சாதனமொன்றைப் பரீட்சித்து, பத்து நிமிஷ ஓட்டத்தில் பிராஸஸரின் உஷ்ணம் காற்றுக் குளிர்விப்பானில் கண்டதைவிடக் குறைந்திருந்தது என்ற ஒன்றையே பிரமாணமாகக் கொண்டு, காற்றின் காலம் முடிந்துவிட்டதென நண்பர் எழுதியிருப்பது அவசரத்துக்கு நல்ல திருஷ்டாந்தமேயன்றி விமர்சனமாகாது.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4.18 ஜூல் சக்தி வேண்டும்; அதே எடைக் காற்றுக்குச் சுமார் 1 ஜூல் போதும். ஆகவே, குழாய்க்குள் சுற்றும் நீர் முழுதும் சூடேறி, பிராஸஸர் உமிழும் வெப்பமும் ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பமும் சமநிலை எய்தும்வரை, திரையில் தெரியும் எண் நீரின் மந்தத்தைக் காட்டுமேயொழியச் சாதனத்தின் சாமர்த்தியத்தைக் காட்டாது. அரை மணியேனும் ஓடவிட்டிருக்கலாம். வெப்பம் முடிவில் அறைக் காற்றிலேதான் கொட்டப்பட வேண்டும், எவ்வளவு நீர் சுற்றினாலும் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே இறங்க மார்க்கமில்லை என்றிருக்கையில், அந்த உஷ்ணத்தையே குறிக்காத அளவீடு எதற்கு? மூன்று விசிறிகளை முழு வேகத்தில் அலறவிட்டு, மெதுவாகச் சுழலும் ஒற்றை விசிறியை ஜயித்ததாகக் கொண்டாடுவதுதான் என்ன நியாயமோ!

பராமரிப்பே வேண்டாம் என்கிறாரே, அது இன்னும் ஆச்சரியம். ரப்பர்க் குழாயின் சுவரூடே நீர் வருஷக்கணக்கில் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறும். வெளியேறிய நீரின் இடத்தில் குமிழி சேரும். சுற்றின் உச்சியில் பம்பு அமைந்துவிட்டாலோ, குமிழி அங்கேயே தங்கிக் கடகடக்கும். செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே நீரில் நனைந்திருக்க, அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் எத்தனை காலம் தாங்கும் என்று அவர் கேட்கவேயில்லை. காற்றுக் குளிர்விப்பானிலோ பழுதாகக் கூடியது விசிறி ஒன்றே. பெரும்பாலானவற்றில் இரண்டு கம்பிக் கொக்கிகளை விலக்கினால் அதை மாற்றிவிடலாம்.