ஓங்கி அறைஞ்சா சரியாயிடுமா?

பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் வீட்டு ஆண்கள் பெயின்ட், குரோமியத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். கதவு சாத்தாவிட்டால் மட்டும், 'ஓங்கி அறைஞ்சு சாத்து' என்பார்கள். எங்க வீட்டிலும் இதே பல்லவிதான்! அறைய அறைய லாக் இன்னும் தேயும். வளைவில் கதவு திறந்துகொண்டால், பின்சீட்டுக் குழந்தை என்னாவது?

கதவைப் பாதி திறந்து, மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு லாக்கை மாற்றுவது வீண். ஆடாவிட்டால், தூணில் லாக் மாட்டும் பகுதியின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, சற்று நகர்த்தி முறுக்கினாலே பல சமயம் போதும். பல் மழுங்கியிருந்தால்தான் புது லாக். 2014-இல் தயாரிப்பு நின்ற வண்டி, தேடித்தான் வாங்கணும். அதுவரை கயிறு கட்டி ஓட்டலாம் என்கிறார்கள் சிலர். அவசரத்தில் இறங்க வேண்டாமா?