நிழல் பக்கத்தில் கல்லைக் கொட்டாதீர்கள்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர் வீடுகளின் பின்வளவைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். பந்தலில் பாகல், வேலியோரம் பயற்றை, வெண்டி, தக்காளி, தொட்டியில் கறிவேப்பிலை. வெயில் விழுகிற நிலத்தில் ஓர் அடியைக்கூட வீணாக்க மாட்டோம். வெயில் விழாத பக்கத்தில் மட்டும் கறுப்புத் துணியை விரித்து வெள்ளைக் கல்லைக் கொட்டிவிடுகிறோம். இரண்டொரு வருடத்தில் கல்லிடுக்கில் சருகு அழுகி மண்ணாகும், அதில் களை முளைக்கும். பிறகு கல்லையும் பொறுக்கவேண்டும், களையையும் பிடுங்கவேண்டும். அந்த நிழலுக்கென்றே ஒரு செடி இருக்கும்போது இது வீண்செலவு என்பது என் உறுதியான கருத்து. அந்தச் செடி ஹோஸ்டா.

சீனா, கொரியா, ஜப்பான் நாடுகள்தான் இதன் தாயகம். ஜப்பானின் யமகதா பகுதியில் வசந்தத்தில் இதன் இளங்குருத்தை மரக்கறியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் நாய்க்கும் பூனைக்கும் இது நஞ்சு. செல்லப்பிராணி வளர்ப்போர் கவனிக்கவேண்டும். பனிக்காலத்தில் இலையெல்லாம் மடிந்து, வேர் மட்டும் மண்ணுக்குள் உறங்கும். பல வாரம் நீளும் அந்தக் குளிர் உறக்கம் இல்லாவிட்டால் செடி வருடத்துக்கு வருடம் நலிந்துபோகும். யாழ்ப்பாணத்தில் நிலைக்காத இந்தச் செடி ஒன்ராறியோவில் செழிப்பது இந்தப் பனியால்தான்.

கடையில் நம்மவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. இலை நடுவே வெள்ளை அதிகம் உள்ள கன்றைத்தான் கை தேடும். நான் அதை எடுக்கமாட்டேன். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. செடி மெதுவாகவே வளரும், யூலை வெயில் கொஞ்சம் பட்டாலே கருகும். நான் இலையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துப் பார்ப்பேன். வெற்றிலை போல மெல்லியதாக இருந்தால் வைத்துவிடுவேன். ஓடில்லாத நத்தைகள் இரவில் வந்து மெல்லிய இலையை ஓட்டை ஓட்டையாகத் தின்றுவிடும்; தடித்த இலையை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. ‘ஹல்சியன்’, ‘சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்’, குட்டிச் செடியான ‘புளூ மௌஸ் இயர்ஸ்’ மூன்றும் தடித்த இலைக்காரர்கள். அப்படியும் நத்தைத் தொல்லை இருந்தால் இரும்பு பொஸ்பேட் குருணை போதும். 2009இல் ஒன்ராறியோ வீட்டுத் தோட்டங்களுக்குப் பல பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தது. இந்தக் குருணைக்கு அனுமதி உண்டு.

ஹல்சியன் இலையின் நீலம் உண்மையில் ஒரு மெழுகுப் பூச்சு. விரலால் ஒருமுறை தேய்த்தால் அந்தத் தடத்தில் பச்சை தெரியும். வெயிலும் மழையும் சேர்ந்து ஓகஸ்ட் முடிவதற்குள் அந்த மெழுகைக் கரைத்துவிடும். நீலம் நீடிக்க நல்ல நிழலில் வையுங்கள். மஞ்சள் இலை வகைகளுக்குக் காலை வெயில் சற்று வேண்டும். பூவுக்காக வாங்குவதென்றால் சீனாவின் ‘பிளான்டஜினியா’ ஒன்றைத்தான் சொல்வேன். ஓகஸ்டில் பின்னேரம் விரியும் அதன் வெள்ளைப் பூவின் மணம் முற்றத்தை நிறைக்கும். அதற்கு மட்டும் மற்ற ஹோஸ்டாக்களைவிட வெயில் கூடுதலாகத் தேவை.

அயலவர் அன்போடு பிரித்துத் தரும் கிழங்கையும் பார்த்தே வாங்கவேண்டும். ஹோஸ்டாவுக்கென்றே ஒரு வைரஸ் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1996இல் அது அடையாளம் காணப்பட்டது. நரம்பையொட்டி மை ஊறியதுபோல் நிறம் பரவியிருக்கும், சில இடங்களில் இலை சுருங்கித் திரண்டிருக்கும். இதற்கு மருந்தே கிடையாது. வெட்டும் கத்தியிலும் கையிலும் ஒட்டும் சாறு வழியாக அடுத்த செடிக்குப் போய்விடும். அறிகுறி வெளியே தெரியச் சில வருடங்கள்கூட ஆகலாம். சந்தேகமான செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள். ஒரு செடியை வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்ததில் வைக்காதீர்கள். மலிவு விற்பனை மேசையில் விசித்திரமான கோடுகளோடு இருக்கும் ‘புதுவகை’ பலமுறை இந்த நோயாளிதான்.

நிழல் என்றால் தண்ணீர் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். நோர்வே மேப்பிளின் கீழே தோண்டிப் பாருங்கள். மண்வெட்டி இறங்காத அளவுக்கு வேர் பின்னிக் கிடக்கும், இருக்கிற ஈரத்தையெல்லாம் மரமே உறிஞ்சிவிடும். அங்கே ஹோஸ்டாவைத் தொட்டியில் வைப்பதுதான் புத்தி. வேறு இடங்களில் வாரம் ஓர் அங்குலத் தண்ணீரும், வருடம் ஒருமுறை இலைமக்கும் கொடுத்தால் போதும். மான் வரும் தெருவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கு இது விருந்து, வலை இல்லாமல் நடாதீர்கள்.

கன்றின் அட்டையில் முதிர்ந்த அகலம் எழுதியிருக்கும். ‘சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்’ ஐந்தடிக்கு மேல் விரியும். ‘புளூ மௌஸ் இயர்ஸ்’ ஓரடியோடு நிற்கும். அந்த அகலம் வரச் சாதாரணமாக ஐந்து வருடம் ஆகும், பெரிய வகைகளுக்கு இன்னும் கூட. கடைக்குப் போகுமுன் சுவரோரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். செப்டம்பர் தொடக்கத்திலும் நடலாம். மண் உறைவதற்கு முன் வேர் பிடிக்கச் சில வாரங்கள் கிடைத்தால் சரி.