சிரிக்கட்டும், கூடவே கேட்கட்டும்

விளையாட்டுதானே என்று விட்டுவிட முடியவில்லை. 2008இல் வந்த 'லெகோ இண்டியானா ஜோன்ஸ்' வீடியோ கேமைத்தான் சொல்கிறோம். பழையதென்றாலும் எங்கள் பிள்ளைகளின் கைக்கு இப்போதும் வருகிறது.

முதலில் நல்லதைச் சொல்வோம். அதில் வசனமே இல்லை. முனகலும் சைகையுமாகக் கதை நகர்கிறது. ஆங்கிலம் தெரியாத தோட்டத்துப் பிள்ளையும், கொழும்புப் பிள்ளை சிரிக்கும் அதே இடத்தில் சிரிக்கும். இரத்தம் இல்லை, செத்தவர் கட்டைகளாகச் சிதறி மறுபடி எழும்புவார். இருவர் சேர்ந்து விளையாடலாம்.

மூன்று படங்களின் கதை அதில் உண்டு. இரண்டாவது, 1984இல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்'. கதை நடப்பது இந்தியாவில். இந்திய அரசு கதையை ஏற்காததால் படம்பிடித்ததோ நமது கண்டிப் பக்கம். அந்தத் தொங்குபாலத்தைக் கட்டியது விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்த இடத்துக்கு அருகில். 'இந்திய'க் கிராமத்தவர் பேசுவது சிங்களம்!

அதில் ஒரு கட்டத்தின் பெயர் 'அடிமைகளை விடுவி'. சுரங்கத்தில் வேலை வாங்கப்படும் பிள்ளைகளைத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் வந்து மீட்கிறார். ஊவாத் தோட்டங்களில் படிப்பை இடையில் விட்டுக் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகளை மீட்க எந்தத் தொப்பிக்காரரும் வரமாட்டார். வகுப்பில் பெயர் கூப்பிடும் நாங்களும், பெற்றோராகிய நீங்களும்தான் போக வேண்டும்.

கேமைத் தடுக்க வேண்டாம். இரண்டாவது ஆளாகப் பக்கத்தில் அமருங்கள். "இந்தப் பிள்ளைகள் ஏன் பாடசாலையில் இல்லை?" என்று இடையில் ஒரு கேள்வி கேளுங்கள்.